ஒன்றும் தெரியாத வகுப்பு

ஐந்தாம் வகுப்பு டீச்சர் பத்தொன்பது வருடங்களாகப் பாடம் நடத்தி வந்தார். அவர் நடத்தியது பாடம்தானா என்று அத்தனை வருடமும் யாரும் உறுதி செய்யவில்லை என்பது இந்த வருடம்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

கண்டுபிடித்தது ஆசிரியர் தர உறுதி வாரியம். புத்தம் புதிய வாரியம். ஆறு மாடி, கண்ணாடிக் கதவு, மாடிக்கு ஒரு இணை இயக்குநர். ஆசிரியராக இருந்த யாரையும் அதில் வேலைக்கு எடுக்கவில்லை. எடுத்தால் நடுநிலை கெட்டுவிடும் என்று விதியிலேயே எழுதியிருந்தார்கள். வாரியத்தின் தலைவர் அதற்கு முன் துறைமுகத்தில் லாரிகளை எடை பார்க்கும் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவர். அங்கே ஒரு கிலோகூட அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை என்பார்கள்.

தொடக்க விழாவில் அவர் பேசியதைப் பதிவு செய்து எல்லாப் பள்ளிகளிலும் ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

"காலி லாரியை எடை போடறோம். சரக்கு ஏத்தின பிறகு மறுபடி எடை போடறோம். வித்தியாசம் எவ்வளவோ அதுதான் சரக்கு. பிள்ளைங்களும் அப்படித்தான். பாடத்துக்கு முன்னாடி ஒரு தாள். பாடத்துக்குப் பின்னாடி அதே தாள். வித்தியாசம்தான் ஆசிரியர். இவ்வளவு எளிமையான விஷயத்தை மனுஷ குலம் இத்தனை காலமா யோசிக்காம இருந்ததை நினைச்சா எனக்கு வருத்தமா இருக்கு."

தலைமை ஆசிரியர் ஒலிபெருக்கியைப் பார்த்துத் தலையாட்டினார். ஒலிபெருக்கியில் அது பதிவாகாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் பழக்கம்.

மற்ற விவரமெல்லாம் சுற்றறிக்கையில் வந்தது. மதிப்பீட்டாளர்கள் பள்ளிக்கு வருவார்கள். பிள்ளைகளுக்குப் பத்துக் கணக்கு கொண்ட முன் தாள் கொடுப்பார்கள். டீச்சர் நாற்பது நிமிடம் பாடம் நடத்த வேண்டும். பிறகு அதே பத்துக் கணக்கு பின் தாளாக வரும். பின்னதில் முன்னதைக் கழித்தால் வருவது 'கற்றல் ஏற்றம்'. ஏற்றம் போதுமான அளவு இருந்தால் தரச் சான்று. வருடக் கடைசிக்குள் சான்று வாங்காதவர்களிடமிருந்து வகுப்பு பறிக்கப்படும். அவர்கள் வாரியத்தின் கிடங்கில் பழைய மேஜை நாற்காலிகளுக்கு எண் எழுதப் போகலாம். எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே பாடம்: பின்னங்களைக் கூட்டுதல். ஓவிய ஆசிரியருக்கும் அதுதான்.

டீச்சருக்குக் கிடங்கைப் பற்றிப் பெரிய பயமில்லை. பயமெல்லாம் முப்பத்தொரு பிள்ளைகளைப் பற்றி. ஐந்தாம் வகுப்பு முடிவில் அவர்கள் ஒரு தேர்வு எழுத வேண்டும். அந்த வட்டாரத்தில் மேல்பள்ளி ஒன்றே ஒன்று. தேர்வில் தேறினால்தான் இடம். தேறாதவர்களின் படிப்பு அதோடு சரி. நடுவருடத்தில் டீச்சரைத் தூக்கிக் கிடங்கில் போட்டால், அந்த முப்பத்தொரு பேரையும் யார் கரையேற்றுவது?

அவர்களில் ஒருத்திக்குக் குட்டி வக்கீல் என்று பெயர். டீச்சர் வைத்ததுதான். எதைச் சொன்னாலும் ஒரு எதிர்க்கேள்வி கேட்காமல் உட்கார மாட்டாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வைகளும் படுக்கை விரிப்புகளும் துவைப்பவர். சேர்க்கையின்போதே டீச்சரிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார்: "இடம் கெடைச்சா படிப்பா டீச்சர். கெடைக்கலைன்னா என்கூட துணி மடிக்க வந்துடுவா. மேஸ்திரி இப்பவே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார்."

மதிப்பீட்டாளர்கள் வருவதாகச் சொன்ன தேதிக்கு நான்கு மாதம் கழித்து வந்தார்கள். மூன்று பேர். ஒருவர் கையில் நிறுத்து கடிகாரம், ஒருவர் கையில் தாள்கட்டு, மூன்றாமவர் கையில் நீல அட்டை. அட்டையில் இருப்பதை ஒவ்வொரு முன் தாளுக்கும் முன்னால் உரக்கப் படிப்பது விதி. படித்தார்: "அன்பான மாணவர்களே, இது உங்கள் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் தேர்வு. உங்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுங்கள்."

பிள்ளைகள் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதினார்கள். முப்பத்தொரு பேருக்கும் பத்துக்குப் பத்து. மொத்தம் முந்நூற்றுப் பத்து. டீச்சருக்கு உள்ளூரப் பெருமை. நாற்பது நிமிடம் பாடம் நடத்தினார். பிறகு பின் தாள். அதில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கொட்டாவி விட்டபடி ஏழு என்பதை ஒன்று என்று எழுதிவிட்டான். மொத்தம் முந்நூற்று ஒன்பது.

மதிப்பீட்டாளர்கள் மூவரும் தலையைச் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டார்கள். இரண்டு முறை போட்டார்கள். கற்றல் ஏற்றம்: கழித்தல் ஒன்று.

"உங்க பாடத்தால பிள்ளைங்களோட அறிவு குறைஞ்சிருக்கு" என்றார் நீல அட்டைக்காரர். குரலில் கோபமில்லை. டாக்டர் நோயாளியின் உறவினரிடம் சொல்வது போலச் சொன்னார்.

டீச்சர் தலையும் வாலும் புரியாமல் நின்றார். "சார், அவங்களுக்கு ஏற்கெனவே நல்லாத் தெரியும். ரெண்டாம் மாசமே நான் நடத்திட்டேன்."

"நீங்கதான் நடத்தினீங்கன்னு என்ன ஆதாரம்?"

"அவங்களுக்குத் தெரியுதே சார்."

"அதுதாங்க பிரச்சினையே. பாடத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அப்போ அது உங்க பாடத்தால வந்ததில்லைன்னு ஆகுது. யாரைக் கேட்டு முன்னாடியே நடத்தினீங்க?"

பாடத்திட்டத்தைக் கேட்டு நடத்தினேன் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். அது வேறு துறை என்றார்கள்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். "அப்போ நான் பாத்துக்கற லிஃப்ட் ஒண்ணு வருஷம் பூரா நிக்காம ஓடுச்சுன்னா, நான் வேலையே செய்யலைன்னு அர்த்தம். நடுவுல மாட்டிக்கிட்டு நாலு பேர் கத்தணும். அப்புறம் நான் போய் எறக்கி விடணும். அப்பத்தான் மெக்கானிக்."

"நீங்க வேற. கிண்டல் பண்ற நேரமா இது?"

"நான் கிண்டல் பண்ணலை. உங்க வாரியத்துல லிஃப்ட் ரிப்பேர் பண்றது நான்தான். அங்க யாரைக் கேட்டாலும் இப்படித்தான் பேசறாங்க."

ஏற்றம் காட்டத் தவறியவர்களுக்குத் தொழில் மேம்பாட்டு முகாம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஐந்து நாள். டீச்சர் போனார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சியாளர் இதற்கு முன் குளிர்சாதனப் பெட்டி விற்பவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர். வந்ததும் முகாமுக்கான முன் தாளைக் கொடுத்தார். 'கற்றல் ஏற்றம் என்றால் என்ன?' என்பது முதல் கேள்வி. சுற்றறிக்கையை ஐந்து முறை படித்துவிட்டு வந்திருந்த டீச்சர், கடகடவென்று எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக் கொடுத்தார்.

தேநீர் இடைவேளையில் பயிற்சியாளர் அவரைத் தனியாக ஜன்னல் ஓரம் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"ஏம்மா, உங்களுக்கு நான் ஏதாவது கெடுதல் பண்ணியிருக்கேனா?"

"இல்லையே சார்."

"அப்புறம் ஏன் என் பொழப்புல மண்ணைப் போடறீங்க? எனக்கும் ஏற்றம் பாக்கறாங்கம்மா. எனக்கும் சான்று இருக்கு. முப்பத்தொம்பது பேர் எவ்வளவு நாகரிகமா வெறும் தாளைக் குடுத்திருக்காங்க பாருங்க. எல்லாரும் ரெண்டாவது, மூணாவது தடவை வர்றவங்க. நீங்க ஒருத்தர் மட்டும் எல்லாம் எழுதி வெச்சிருக்கீங்க. தெரிஞ்சுக்கிட்டு எதுக்கும்மா வந்தீங்க?"

வேறொரு தாளை நீட்டினார். டீச்சர் பெயரை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். பயிற்சியாளரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. தன் பங்கு பிஸ்கட்டையும் டீச்சருக்குக் கொடுத்தார்.

ஐந்து நாளில் டீச்சர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். ஆனால் நன்றாகக் கற்றுக்கொண்டார்.

மறு மதிப்பீட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. திங்கட்கிழமை காலை வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு டீச்சர் விஷயத்தைச் சொன்னார். முன் தாள் வரும்போது தப்பாக எழுத வேண்டும். பின் தாள் வரும்போது சரியாக எழுத வேண்டும். அவ்வளவுதான். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குட்டி வக்கீல் எழுந்தாள்.

"தெரிஞ்சதைத் தெரியாதுன்னு எழுதினா அது பொய்தானே டீச்சர்?"

டீச்சர் சாக்பீஸ் துண்டைக் கையில் உருட்டினார். "பொய் இல்லம்மா. இது எனக்கு வெக்கிற பரீட்சை. நீங்க எனக்கு ஒரு ஒத்தாசை பண்றீங்க."

"ஆனா அவங்க எங்க எதிர்காலம்னு சொன்னாங்களே?"

"எதிர்க்கேள்வி போதும். பென்சிலை எடு."

முதல் ஒத்திகையில் முப்பத்தொரு பேரும் வெறும் தாளைக் கொடுத்தார்கள். இது சந்தேகத்தைக் கிளப்பும் என்றார் டீச்சர். இரண்டாவது ஒத்திகையில் எல்லாரும் ஒரே தப்பைச் செய்தார்கள்; அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு. இதுவும் சரிவராது. அப்போதுதான் குட்டி வக்கீலுக்கு ஆர்வம் வந்தது. ஆளுக்கு ஒரு தப்பைப் பிரித்துக்கொள்ளலாம் என்றாள். ஒருத்தன் மேலே இருப்பதை மட்டும் கூட்டுவான். ஒருத்தி பெருக்கிவிடுவாள். ஒருத்தன் கீழே பெரிய எண் எதுவோ அதை அப்படியே வைத்துக்கொள்வான். கடைசி பெஞ்சுப் பையன் கணக்கை விட்டுவிட்டு வட்டம் வரைந்து பாதிக்குக் கோடு போடுவான். ஒருத்தன் பாதி தூரம் சரியாகப் போய் கடைசி வரியில் சறுக்குவான். அது கஷ்டமானது, வகுப்பில் முதல் மார்க் வாங்குபவனுக்குக் கொடுத்தார்கள்.

தினமும் காலையில் பத்து நிமிடம் இது நடந்தது. இவ்வளவு நுணுக்கமாகத் தப்புச் செய்ய வேண்டுமென்றால் பின்னங்களைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் எந்த வகுப்பும் இந்தப் பாடத்தை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டதில்லை என்பதை டீச்சர் கவனித்தார். யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியவில்லை.

அதே மூவர் மறுபடி வந்தார்கள். அதே நீல அட்டை. முன் தாளில் முந்நூற்றுப் பத்துக்கு நான்கு. பின் தாளில் முந்நூற்று எட்டு. நிறுத்து கடிகாரக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மூன்றே வாரத்தில் தன்னை இந்த அளவுக்கு மேம்படுத்திக்கொண்ட ஆசிரியரைத் தன் சேவையில் பார்த்ததில்லை என்று குறிப்பில் எழுதினார். முகாமுக்குக் கிடைத்த வெற்றி என்றும் சேர்த்து எழுதினார்.

தரச் சான்று கண்ணாடிச் சட்டம் போட்டு வந்தது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் வந்தது. டீச்சர் பெருமூச்சு விட்டார். வகுப்பு கைவிட்டுப் போகவில்லை. முப்பத்தொரு பேரும் தன்னிடமேதான் இருப்பார்கள்.

இருந்தார்கள். ஆனால் மற்றவர்களும் வந்தார்கள்.

இவ்வளவு ஏற்றம் காட்டிய வகுப்பை வீணாக்கக்கூடாது என்று வாரியம் முடிவு செய்து அதை மாதிரி வகுப்பாக அறிவித்தது. சான்று வேண்டிய வெளியூர் ஆசிரியர்களெல்லாம் இனி அங்கே வந்து பாடம் நடத்தலாம். முன் தாள், நாற்பது நிமிடம், பின் தாள். பிள்ளைகளுக்கு முதலிலேயே தெரிந்திருக்காதா என்று டீச்சர் வாய்விட்டுக் கேட்கவில்லை. தலைமை ஆசிரியர் கேட்டார். ஒவ்வொரு முறையும் முன் தாளில் பிள்ளைகள் ஒன்றும் தெரியாதவர்களாகத்தான் இருக்கிறார்கள் என்று ஆவணம் சொல்வதாக இணை இயக்குநர் பதில் எழுதினார். முந்தின நாள் கற்றது மறுநாள் மறந்துபோவது அந்த வட்டாரப் பிள்ளைகளின் சிறப்பு இயல்பு என்றும், அதை ஆராய ஒரு குழு போட்டிருப்பதாகவும் அதே கடிதத்தில் இருந்தது.

வாரத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். பிறகு ஐந்து. நல்லவர்களும் வந்தார்கள், அரைகுறைகளும் வந்தார்கள். பிள்ளைகள் பாரபட்சம் காட்டவில்லை. ஒரு ஆசிரியருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரலே எழவில்லை. நாற்பது நிமிடமும் ஜன்னலைப் பார்த்தபடி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். ஏற்றம் தொண்ணூற்றேழு சதவீதம். இன்னொருவர் பதற்றத்தில் வேறு குறிப்பேட்டை எடுத்து வந்து எரிமலைகளைப் பற்றி நடத்திவிட்டார். ஏற்றம் தொண்ணூற்றெட்டு. அது 'மறைமுகக் கற்பித்தல் முறை' என்ற பெயரில் வாரியத்தின் கையேட்டில் ஏறியது.

கடைசியில் தலைவரே வந்தார். புகைப்படக்காரர்கள் இருவர், பூங்கொத்து ஒன்று. முன் தாள் முடிந்ததும் சாக்பீஸை எடுத்தார். பலகையில் ஒரு லாரியை வரைந்தார். சக்கரம் வரையவே ஏழு நிமிடம் ஆனது. மீதி நேரம் துறைமுகத்தில் தன் முன்னால் யாரும் வாலாட்ட முடியாதது பற்றிப் பேசினார். பின் தாளில் முந்நூற்றுப் பத்துக்கு முந்நூற்றுப் பத்து.

தலைவர் தாள்கட்டைத் தூக்கிப் புகைப்படக்காரர்களுக்குக் காட்டினார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "எனக்குக் கல்வித் துறையில அனுபவம் இல்லைன்னு சிலர் பேசறாங்க. நாப்பது நிமிஷம்தான் ஆச்சு. அனுபவம்னு இவங்க சொல்றதே நேரத்தை வளக்கறதுக்கான ஏற்பாடுன்னு எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம். இன்னிக்கு நிரூபணம் ஆயிடுச்சு. பின்னம்னா என்னன்னு எனக்கே சரியா நினைவில்லை. அப்படியும் நடத்த முடிஞ்சுது பாருங்க. அதுதான் தரம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். எப்போது தட்ட வேண்டும் என்பதும் அவர்களுக்குப் பழகியிருந்தது.

இடையில் கிடைத்த நேரத்திலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு டீச்சர் மீதிப் பாடங்களை நடத்தி முடித்தார். தசமம், பரப்பளவு, சதவீதம் எல்லாம். பிள்ளைகளும் வாங்கிக்கொண்டார்கள். மேல்பள்ளித் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது எதுவுமே பாக்கியில்லை. இந்த முப்பத்தொரு பேரும் தேறாவிட்டால் யாரும் தேற மாட்டார்கள் என்று டீச்சர் கணவரிடம் சொன்னார்.

அந்த வாரம் குட்டி வக்கீலின் அம்மா பள்ளிக்கு வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். சோப்பு நீரில் ஊறிய விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன.

"டீச்சர், இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு. எது கேட்டாலும் மொதல்ல தப்பாவே சொல்றா. ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா நாப்பத்தாறுங்கறா. கொஞ்ச நேரம் கழிச்சு அதையே திருப்பிக் கேட்டா அம்பத்தாறுன்னு பட்டுன்னு சொல்றா. வெளையாடறியாடீன்னு ஒண்ணு வெச்சேன். இல்லம்மா, மொதல் தடவை கேட்டா அப்படித்தான் சொல்லணுங்கறா."

 ஒன்றும் இல்லை, தான் சரிசெய்துவிடுவதாகச் சொல்லி டீச்சர் அம்மாவை அனுப்பினார். அன்று மாலையே முப்பத்தொரு பேரையும் நிறுத்தி வைத்துப் பத்துக் கணக்கு கொடுத்துப் பார்த்தார். அத்தனையும் தப்பு. யாரும் வேண்டுமென்று செய்த மாதிரித் தெரியவில்லை. பென்சில் தானாகவே போனது. மறுநாளிலிருந்து தினமும் முதல் தடவையிலேயே சரியாக எழுதப் பழக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு மாதம் இருக்கிறது, போதும்.

மறுநாள் காலை உத்தரவு வந்தது. தரச் சான்றை முதன்மைப் பயிற்றுநர் சான்றாக உயர்த்த டீச்சர் நான்கு வார முகாமுக்கு உடனே கிளம்ப வேண்டும். மறுத்தால் இருக்கும் சான்றும் ரத்து.

தேர்வு முடிந்ததும் போகிறேனே என்று டீச்சர் தலைமை ஆசிரியரிடம் கெஞ்சினார். தலைமை ஆசிரியர் மேஜைமேல் இருந்த தூசியை விரலால் துடைத்தார். "சான்று போயிடுச்சுன்னா நாளைக்கே உங்க வகுப்புல வேற ஆளைப் போட்டுடுவாங்க டீச்சர். அப்புறம் யாரு அவங்களைப் பாத்துக்கறது? நாலே வாரம். போயிட்டு வந்துடுங்க. தேர்வு அன்னிக்குக் காலையில வந்துடலாம்."

பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பிள்ளைகளை விட்டுப் போக வேண்டும். வகுப்பில் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் தரவில்லை. டீச்சர் போனார்.

அவர் இல்லாத நான்கு வாரமும் வகுப்பு சும்மா இருக்கக்கூடாது என்று வாரியம் ஒரு நாளைக்கு நான்கு ஆசிரியர்களை அனுப்பியது. நான்கு முன் தாள், நான்கு பின் தாள். பிள்ளைகளின் எதிர்காலம் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை தீர்மானிக்கப்பட்டது.

தேர்வு அன்று டீச்சர் பஸ் நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராக மேல்பள்ளிக்கு வந்தார். முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். எண்ணெய் வைத்து வாரிய தலை, சீவிய பென்சில். டீச்சரைக் கண்டதும் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. வாசலில் சில பெற்றோர்கள். குட்டி வக்கீலின் அம்மா இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தார்.

மேல்பள்ளித் தேர்வையும் இந்த வருடம் முதல் வாரியமே நடத்தியது. அதே நிறத் தாள்கட்டு, அதே நீல அட்டை. வாரியத்தின் அலுவலர் ஒருவர் படிவம் ஒன்றோடு டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். தேர்வுக்கு முன் வகுப்பாசிரியர் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் அறிவுரை சொல்லலாம். சொல்வதை அவர் குறித்துக்கொள்வார்.

"இது ரொம்ப முக்கியமான பரீட்சை" என்றார் டீச்சர்.

பிள்ளைகள் புன்னகை செய்தார்கள். முக்கியமில்லாத பரீட்சையை அவர்கள் பார்த்ததே இல்லை.

"உங்க எதிர்காலமே இதுலதான் இருக்கு."

கடைசி பெஞ்சுப் பையன் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். அட்டையில் இருப்பதை டீச்சர் மனப்பாடமாகச் சொல்கிறார் என்று அவனுக்குச் சிரிப்பு.

டீச்சர் நிறுத்தினார். சொல்லக்கூடிய வார்த்தைகளையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தீர்த்திருந்தார்கள். பாதியை அவரே சொல்லித் தீர்த்திருந்தார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். இத்தனை நாள் வாரியத்தை ஏமாற்ற வேண்டுமென்றே தப்பாக எழுதினோமே, இன்றைக்கு அப்படி எழுதாதீர்கள். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். சொன்னால் முப்பத்தொரு பேருக்கும் புரிந்துவிடும். அலுவலருக்கும் புரிந்துவிடும். அவர் இரண்டடி தூரத்தில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் வாயைத் திறந்தார்.

"சொல்லுங்க" என்றார் அலுவலர். "நான் எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தெரிஞ்சதைத் தெரிஞ்சபடி எழுதுங்க" என்றார் டீச்சர்.

குட்டி வக்கீல் எல்லாம் புரிந்தது போல ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். "நீங்க கவலைப்படாதீங்க டீச்சர். நாங்க பாத்துக்கறோம்."

மணி அடித்தது. உள்ளே போனார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி மணி அடித்தது. மற்றப் பள்ளிகளின் பிள்ளைகள் திபுதிபுவென்று வெளியே வந்தார்கள். டீச்சரின் பிள்ளைகளில் ஒருவர்கூட வரவில்லை. முற்றம் காலியானது. எங்கே இவங்களைக் காணோம் என்று குட்டி வக்கீலின் அம்மா கேட்டார். அவருக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். டீச்சர் கூடத்துக்குள் நடந்தார். அலுவலர் படிவத்தோடு பின்னாலேயே வந்தார்.

முப்பத்தொரு பேரும் அவரவர் இடத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். தாள்களை வாங்கி அடுக்கிக் கட்டு கட்டியாகிவிட்டது. கண்காணிப்பாளர் கதவருகில் செய்வதறியாமல் நின்றார். "அப்பவே போகச் சொல்லிட்டேங்க. போக மாட்டேங்கறாங்க. இன்னொண்ணு வரும், இன்னொண்ணு வரும்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை."

டீச்சர் கட்டின் மேல் இருந்த தாளைப் பார்த்தார். கடைசி பெஞ்சுப் பையனுடையது. ஒரு வட்டம் வரைந்து பாதிக்குக் கோடு போட்டிருந்தான்.

"டீச்சர், பின் தாளைக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள் குட்டி வக்கீல். "எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எல்லாம் ரொம்ப ஈஸி."

"பின் தாள் இல்லம்மா."

"நாளைக்கா?"

"எப்பவும் இல்ல."

அவள் டீச்சரின் முகத்தையே பார்த்தாள். கணக்கைக் கடைசி வரியிலிருந்து மேலே சரிபார்க்கும்போது பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அப்போ இது எங்களுக்கு வெச்ச பரீட்சையா?"

"ஆமா."

"அது காலையிலேயே உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

அலுவலர் தொண்டையைச் செருமினார். நேரமாகிவிட்டது, இன்னும் இரண்டு கூடங்களுக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் படிவத்தை டீச்சரின் முன்னால் மேஜைமேல் வைத்தார். ஒரே கேள்விதான். 'தேர்வின் தன்மை பற்றி மாணவர்களுக்கு முன்கூட்டியே தெளிவாக விளக்கப்பட்டதா? ஆம் / இல்லை.' இல்லை என்றால் காரணத்தைத் தனித் தாளில் எழுத வேண்டும். அது சான்றுப் பிரிவுக்குப் போகும்.

டீச்சர் பேனாவை வாங்கி, 'ஆம்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கீழே கையெழுத்திட்டார். முப்பத்தொரு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.